பலேர்மோவில் ஒரு நாள் நடை: கைடு வேண்டுமா, எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: மே மாதம் சிசிலி போகிறீர்கள், பலேர்மோவுக்கு ஒரே ஒரு நாள். கூட வருவது அறுபதைத் தாண்டிய அம்மாவும் அப்பாவும், இருவருமே சைவம். இரண்டு மணி நேர நடைச் சுற்றுலாவில் சேர்ந்தால் முக்கியமான இடமெல்லாம் பார்த்துவிட முடியுமா, இல்லை நீங்களே நடந்து பார்த்துக்கொள்ளலாமா?

நீங்களே நடங்கள். கைடுக்குக் கொடுக்க நினைத்த பணத்தை நுழைவுச் சீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை போனபோது நானும் ஒரு குழுவோடுதான் சுற்றினேன். கூட்டிப்போனவர் நன்றாகப் பேசினார், நகைச்சுவை எல்லாம் வந்தது. ஆனால் இரண்டரை மணி நேரத்தில் ஒரு கட்டடத்துக்குள்ளும் நாங்கள் நுழையவில்லை. பலேர்மோவில் பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் உள்ளேதான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கல் சுவர். கதவைத் தாண்டினால் தலைக்கு மேல் முழுக்கத் தங்கம்.

ஊரின் அமைப்பு எளிது. மேட்டில் அரண்மனை, பள்ளத்தில் கடல், இரண்டையும் இணைத்து ஒரே நேர்த்தெரு. இன்றைய பெயர் விட்டோரியோ எமானுவேலே சாலை. ஊர்க்காரர்களுக்கு அது கஸ்ஸாரோ. கோட்டை என்று பொருள்படும் 'கஸ்ர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இந்தத் தெருவை நடுவில் வெட்டிப் போகிறது மக்கேதா தெரு. பெரும்பாலான குழுக்கள் மக்கேதாவின் வடக்கு முனையில், ஓபரா அரங்கின் படிக்கட்டில் கூடிப் புறப்படும். அரண்மனைப் பக்கம் வந்து சேரும்போது கால் ஓய்ந்திருக்கும், அங்கே வரிசையும் நீண்டிருக்கும். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். காலையில் டாக்ஸி பிடித்து அரண்மனை வாசலில் இறங்கினால், அப்புறம் நாள் முழுக்க லேசான இறக்கம்தான். பெற்றோரோடு போகும்போது இது சின்ன விஷயம் இல்லை. மொத்த நடை மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

போவதற்கு முன் கொஞ்சம் வரலாறு. கி.பி. 831ல் அரபுகள் இந்த ஊரைப் பிடித்தார்கள். 1072ல் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் அவர்களிடமிருந்து பறித்தார்கள். 1130 கிறிஸ்துமஸ் அன்று இரண்டாம் ரோஜர் இங்கே அரசனாக முடிசூட்டிக்கொண்டான். அவன் அரசவையில் கணக்கு வழக்கைப் பார்த்தது அரபு தெரிந்தவர்கள், கடற்படைக்குத் தளபதி கிரேக்கம் பேசும் கிறிஸ்தவர், அவன் வேண்டிக்கொண்டபடி உலகப் படம் வரைந்தவர் அல் இத்ரீசி என்ற முஸ்லிம் அறிஞர். சகிப்புத்தன்மையின் பொற்காலம் என்று சுற்றுலாக் கையேடுகள் உருகும். அவ்வளவு இனிப்பாக இருந்திருக்காது. ஆள்வதற்கு இவர்கள் எல்லாரும் தேவைப்பட்டார்கள், வைத்துக்கொண்டான். அடுத்த நூறு வருடத்தில் சிசிலியின் முஸ்லிம்களைக் கூட்டம் கூட்டமாக இத்தாலிய நிலப்பகுதிக்கு நாடு கடத்தியது ரோஜரின் சொந்தப் பேரனே. ஆனாலும் அந்தச் சில பத்தாண்டுகளில் எழுந்த கட்டடங்கள் வேறு எங்கும் இல்லை. அதனால் ஒரு யோசனை சொல்கிறேன்: இந்த ஊரில் கட்டடங்களைத் தேடாதீர்கள், எழுத்துகளைத் தேடுங்கள். எந்தச் சுவரில், எந்தத் தூணில், எந்த மொழி எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் கைடு இல்லாமலே ஊர் புரிந்துவிடும்.

சரி, அரண்மனை. பலாஸ்ஸோ தெய் நொர்மான்னி. சிசிலியின் சட்டமன்றம் இன்றும் இதற்குள்தான் கூடுகிறது, அதனால் பொதுவாக செவ்வாய் முதல் வியாழன் வரை அரச அறைகளுக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. பரவாயில்லை, நீங்கள் வருவது மாடியில் இருக்கும் கப்பேல்லா பலத்தீனா என்ற சிற்றாலயத்துக்கு. ஞாயிறு காலையில் பூசை நடக்கும், அன்று மட்டும் நேரம் பார்த்துப் போங்கள். திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பத்தரை மணிக்கெல்லாம் கப்பல் பயணிகள் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள்.

1140ல் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம் இது. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சில்லுகளால் ஆன தங்க மொசைக், பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) பாணியில். தரையில் வண்ணக் கற்கள். எல்லாரும் சுவரையே அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே போய்விடுகிறார்கள். நீங்கள் இன்னும் கொஞ்சம் மேலே பாருங்கள். நடுக்கூடத்தின் கூரை மரத்தால் ஆனது, தேன்கூடு தலைகீழாகத் தொங்குவது போல அடுக்கடுக்காக இறங்கும். மசூதிகளிலும் இஸ்லாமிய அரண்மனைகளிலும் காணும் வேலைப்பாடு, ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் உச்சியில். அந்தக் குழிவுகளுக்குள் சின்னச் சின்ன ஓவியங்கள்: சம்மணம் போட்டுக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பவர், இசை வாசிப்பவர், சதுரங்கம் ஆடும் இருவர். கீழே வேதாகமக் காட்சிகள், மேலே கச்சேரி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம், சின்ன பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது. சுவரில் பாபேல் கோபுரமும் இருக்கிறது, மனிதர்களின் மொழி ஒன்றுக்கொன்று புரியாமல் போன கதை. அந்த ஊரில், அந்த அரசவையில், அந்தக் கதையை எந்த முகபாவத்தோடு பார்த்திருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு யோசனை.

கைடு எடுத்தே தீர வேண்டும் என்றால் இந்த ஆலயத்துக்கு மட்டும் உரிமம் பெற்ற ஒருவரை எடுங்கள். மற்ற இடங்களுக்குத் தேவையில்லை.

வெளியே வரும் வழியில் சுவரில் பதித்த ஒரு சிறு பளிங்குப் பலகையைத் தவறவிடாதீர்கள். 1142ல் ரோஜர் ஒரு நீர்க் கடிகாரம் செய்யச் சொன்னான், அதற்கான கல்வெட்டு. லத்தீன், கிரேக்கம், அரபு என மூன்று மொழிகள். ஒன்றின் மொழிபெயர்ப்பு அல்ல மற்றொன்று. ஒவ்வொன்றும் தன் பாணியில் அரசனைப் புகழ்கிறது. கடிகாரம் போய்விட்டது, பலகை நிற்கிறது.

அரண்மனையை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே போர்தா நுவோவா என்ற பெரிய வாயில். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1535ல் வடக்கு ஆப்பிரிக்காவில் வென்று ஊருக்குள் நுழைந்ததன் நினைவாகக் கட்டியது. முகப்பில் நான்கு பிரம்மாண்டமான மூர்கள், அதாவது வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள், தோற்றவர்கள். இருவருக்குக் கை இல்லை, இருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அரபுத் தச்சு வேலையை ஆலயத்தின் கூரையில் ஏற்றிய ஊர் நானூறு வருடம் கழித்து அவர்களை வாசலில் இப்படி நிறுத்தியிருக்கிறது. ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு நகருங்கள்.

ஐந்து நிமிட நடையில் பேராலயம். வெளியிலிருந்து கோட்டை போல நீண்டு கிடக்கும். 1185ல் கட்டத் தொடங்கினார்கள். அதற்கு முன் அந்த இடத்தில் தேவாலயம் இருந்து, மசூதியாகி, மறுபடி தேவாலயமானது. மேலே உட்கார்ந்திருக்கும் குவிமாடம் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வைத்தது, அவசரத்தில் வேறு யாருடைய தொப்பியையோ எடுத்துப் போட்டுக்கொண்டது மாதிரி இருக்கும். இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை, ஊர்க்காரர்கள் பலரும் சொல்வார்கள்.

உள்ளே ஓடாதீர்கள். தெற்கு வாசல் மண்டபத்தின் இடது ஓரத் தூணின் அருகே போங்கள். கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, கல்லில் அரபு எழுத்து. குர்ஆன் வசனம்: இரவைப் பகலின் மேல் போர்த்துகிறான், சூரியனும் சந்திரனும் விண்மீன்களும் அவன் கட்டளைக்குக் கட்டுப்பட்டவை என்ற பொருளில் வருவது. பழைய கட்டடத்தின் தூணை எடுத்துப் புதியதில் வைத்தவர்கள் அந்த வரியைச் செதுக்கி அழிக்கவில்லை. மாப்பிள்ளை, பெண் சகிதம் படம் எடுக்க வருபவர்கள் அந்தத் தூணில்தான் சாய்ந்து நிற்பார்கள்.

உள்ளே போனால் பேரொளி எல்லாம் இல்லை, வெள்ளையடித்த பெரிய கூடம். தரையைப் பாருங்கள். பளிங்கில் ஒரு பித்தளைக் கோடு ஓடும், இரு புறமும் ராசிச் சின்னங்கள். மேலே ஒரு சிறு துளை. நண்பகலில் அதன் வழியாக வரும் வெயில் பொட்டு அந்தக் கோட்டின் மேல் விழும். இன்று எந்த ராசியில் சூரியன் என்று அதுவே காட்டும். 1801ல் இதை அமைத்தவர் ஜுசெப்பே பியாத்ஸி, துறவியும் வானியலாளரும். அதே வருடம் ஜனவரி 1 இரவு, நீங்கள் இப்போது பார்த்துவிட்டு வந்த அரண்மனையின் கோபுரத்திலிருந்து சீரீஸ் என்ற சிறு கோளைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அப்பாவுக்குப் பஞ்சாங்கத்தில் ஈடுபாடு இருந்தால் இங்கே அரை மணி நேரம் போய்விடும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசர்களின் கல்லறைகளுக்கும் மொட்டை மாடிக்கும் தனிச் சீட்டு. ரோஜரும், அவன் பேரன் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்கும் கருஞ்சிவப்புக் கல் பேழைகளில் கிடக்கிறார்கள். நாடு கடத்திய பேரன் என்று சொன்னேனே, அவர்தான். அவருடைய பேழையின் முன் இப்போதும் யாராவது பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். மொட்டை மாடிக்குக் குறுகலான சுழற்படி. முட்டி வலி உள்ளவர்களுக்கு வேண்டாம்.

அடுத்து மார்த்தோரானா என்ற தேவாலயம். மதியம் மூடிவிடும் என்பதால் பன்னிரண்டு மணிக்கு முன் போய்ச் சேருங்கள். வழியில் குவாத்ரோ காந்தி வரும். தமிழில் எழுதினால் நாலு காந்தி மாதிரி தெரிகிறது, 'நாலு மூலை' என்று அர்த்தம். இப்போது கடந்து போங்கள், மாலையில் திரும்பி வருவோம்.

மார்த்தோரானாவை 1143ல் கட்டியது ரோஜரின் கடற்படைத் தளபதி, அந்தியோக்கிய ஜார்ஜ். இந்த ஊரில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் பலரும் அரண்மனை ஆலயத்தைச் சொல்வார்கள். நான் இதைச் சொல்வேன். சின்ன இடம், மொசைக் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். வாசலை ஒட்டி வலப்பக்கம் ஒரு படம்: கிறிஸ்து தன் கையாலேயே ரோஜரின் தலையில் கிரீடம் வைக்கிறார். போப்பாண்டவர் நடுவில் இல்லை. உற்றுப் பார்த்தால் இரண்டு முகமும் கிட்டத்தட்ட ஒன்று. அரசன் கேட்டுக்கொண்டானா, கலைஞர் குறிப்பறிந்து செய்தாரா, யார் கண்டது. தலைக்கு மேல் 'ரோகேரியோஸ் ரெக்ஸ்' என்று எழுதியிருக்கிறது. ரெக்ஸ் என்பது அரசனைக் குறிக்கும் லத்தீன் சொல், எழுத்தோ கிரேக்கம். நம் ஊர்ப் பெயர்ப்பலகையில் 'ராஜா டெக்ஸ்டைல்ஸ்' என்று தமிழ் எழுத்தில் இருக்குமே, அதே விஷயம், கிட்டத்தட்ட 900 வருடம் முன்பு.

எதிர்ப்பக்கம் கட்டியவரே இருக்கிறார், மரியன்னையின் காலடியில் விழுந்து வணங்குகிறார். பிற்காலத்தில் யாரோ உடம்புப் பகுதியைப் பழுது பார்த்ததில் முதுகு ஓடு போலாகி, தளபதி இப்போது ஆமை மாதிரி இருக்கிறார். சிரிக்காமல் இருப்பது கஷ்டம். அண்ணாந்தால் குவிமாடத்தின் அடியில் ஒரு மரப்பட்டை ஓடுகிறது, அதில் கிறிஸ்தவத் துதிப்பாடல் அரபு மொழியில். இன்றும் இங்கே வழிபாடு அல்பேனிய வம்சாவளியினரின் பைசாந்திய முறையில்தான்.

பக்கத்தில் மூன்று சிவப்புக் குமிழ்களோடு நிற்பது சான் கதால்தோ தேவாலயம். உள்ளே அலங்காரமே இல்லை, வெறும் கல். கட்டியவன் மாயோ என்ற அமைச்சன், 1160ல் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டான், வேலை அப்படியே நின்றது. பிற்காலத்தில் தபால் நிலையமாகக்கூட இருந்திருக்கிறது. ஐந்து நிமிடம் போதும்.

இப்போது பசிக்கும். பல்லரோ சந்தைக்கு ஐந்து நிமிடம் நடந்தால் போதும். தெரு இரு பக்கமும் மீன், கத்தரிக்காய், உப்பில் ஊறிய கேப்பர் மொட்டு, வாள்மீனின் தலை. வியாபாரிகள் பாட்டாகக் கூவி விற்பார்கள். அந்தக் கூவலுக்கு 'அப்பன்னியாத்தா' என்றே ஒரு பெயர் உண்டு. காலுக்குக் கீழே வழவழத்த கல், அதற்குப் பெயர் 'பலாத்தா', இதுவும் அரபு. மீன்கடைத் தண்ணீரில் எப்போதும் ஈரம். வுச்சிரியா என்ற இன்னொரு சந்தையின் கல் காய்ந்தால் பார்ப்போம் என்பது, நடக்காத காரியத்துக்கு இந்த ஊரில் சொல்லும் வழக்கு. அம்மா செருப்பில் வரவேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடச் சொல்லுங்கள்.

சைவத்துக்கு இங்கே பிரச்சினை இல்லை, ஏமாற்றம்தான் உண்டு, ஜாக்கிரதை. பனேல்லே கேளுங்கள். கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்டு, கைவிடாமல் கிண்டி, அல்வாப் பதம் வந்ததும் மெல்லியதாகப் பரப்பி ஆறவைத்து, வில்லைகளாக வெட்டி எண்ணெயில் பொரிப்பது. எள் தூவிய பன்னுக்குள் நாலைந்து வைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். பஜ்ஜி மாவை மட்டும் தின்னும் பழக்கமுள்ள நமக்கு இது சொர்க்கம். கூடவே உருளைக்கிழங்கு உருண்டையும் கிடைக்கும். ஸ்ஃபின்சோனே என்ற தடித்த பீட்சாவைத் தக்காளி, வெங்காயம் என்று நம்பி வாங்காதீர்கள், பெரும்பாலும் நெத்திலி கலந்திருக்கும். வெண்ணெய் அரஞ்சினா என்ற பொரித்த சோற்று உருண்டையிலும் பன்றித் தொடைக்கறி இருக்கக்கூடும், கேட்டு வாங்குங்கள். கன்னோலி என்ற குழல் வடிவ இனிப்பின் ஓட்டு மாவில் மரபாகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். பாதுகாப்பான இனிப்பு மார்த்தோரானாப் பழம்: பாதாமும் சர்க்கரையும் அரைத்து, மாதுளை, சப்பாத்திக்கள்ளிப் பழம் மாதிரி வண்ணம் தீட்டியது. மார்த்தோரானா மடத்துக் கன்னியர் பெரிய விருந்தாளி வரும்போது பழமில்லாத மரங்களில் இதைச் செய்து தொங்கவிட்டார்கள் என்று கதை.

சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் யாராவது தமிழில் போன் பேசிக்கொண்டு போனால் திடுக்கிடாதீர்கள். எண்பதுகளிலிருந்து போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் பலேர்மோவில் சில ஆயிரம் பேர். ஊரின் காவல் புனிதர் சாந்தா ரொசாலியா. 1624ல் கொள்ளைநோய் பரவியபோது அவள் எலும்புகள் பெல்லக்ரீனோ மலைக் குகையில் கிடைத்து, ஊர்வலமாகக் கொண்டுவந்ததும் நோய் அடங்கியது என்பது நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலைக்கு நேர்த்திக்கடனாக ஏறுபவர்களில் இந்துத் தமிழர்களும் நிறைய. மலை, குகை, பெண் தெய்வம், நோய் தீர்ப்பவள். அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

மதியம் இரண்டு மணி நேரம் அறையில் படுங்கள். மாலை ஐந்துக்கு மேல் குவாத்ரோ காந்தி. 1608லிருந்து 1620 வரை கட்டிய நாற்சந்தி, நான்கு முகப்பும் உள்வாங்கி வளைந்திருக்கும். கீழே நாலு பருவங்கள், நடுவே நாலு ஸ்பானிய அரசர்கள், மேலே நாலு பெண் புனிதர்கள். நாளின் எந்த நேரத்திலும் ஏதாவதொரு மூலையில் வெயில் விழும் என்பதால் சூரிய அரங்கம் என்றும் சொல்வார்கள். அடுத்த சதுக்கத்தில் பிரெத்தோரியா நீரூற்று. 1554ல் ஃபிளாரன்ஸில் ஒரு பிரபுவின் தோட்டத்துக்காகச் செய்து, பிற்பாடு கடன் கழுத்தை நெரிக்க, 1573ல் பலேர்மோவுக்கு விற்ற சரக்கு. 644 துண்டுகளாகக் கப்பலில் வந்தது. சிலைகளில் பல நிர்வாணம், எதிரே கன்னியர் மடம். அவமான நீரூற்று என்று ஊர் பெயர் வைத்துவிட்டது. அந்த மடத்துக்குள் இப்போது பழைய கன்னியர் மடங்களின் செய்முறைப்படி பலகாரம் விற்கிறார்கள். உள்முற்றத்தில் உட்கார இடமும் உண்டு.

அப்படியே மக்கேதாவில் வடக்கே நடங்கள், வண்டிகள் வராத தெரு. கடைக் கண்ணாடிகளில் வட்டமான ஒரு சின்ன ஸ்டிக்கர் கண்ணில் படலாம், 'அத்தியோபித்ஸோ'. பித்ஸோ என்றால் மாஃபியாவுக்குக் கட்டும் மாமூல். அதைக் கட்ட மாட்டோம் என்று 2004ல் சில இளைஞர்கள் தொடங்கிய இயக்கம். நான் எழுத்தைத் தேடச் சொன்னதில் இதுவும் சேர்த்திதான். தெரு முடிவில் தியாத்ரோ மாஸ்ஸிமோ, இத்தாலியின் மிகப் பெரிய ஓபரா அரங்கம். 1897ல் திறந்தது, 1974ல் பழுது பார்க்க மூடியவர்கள் 23 வருடம் கழித்துத்தான் திறந்தார்கள். நம் ஊர் மேம்பால வேலை எல்லாம் அப்போது ஞாபகம் வந்து ஆறுதலாக இருக்கும். படிக்கட்டில் உட்காருங்கள், ஊரே அங்கே உட்கார்ந்திருக்கும்.

மறுநாள் விமானம் மதியம்தான் என்றால் ஒன்று செய்யுங்கள். காலையில் டாக்ஸியில் ஸீஸா மாளிகைக்குப் போங்கள், ஊரின் மேற்குப் பக்கம். உள்ளே அருங்காட்சியகத்தில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. கிரிசாந்தோ என்ற பாதிரியார் 1149ல் தன் தாய் அன்னாவுக்காக வைத்தது. லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் அரபு என நாலு விதமாக அன்னாவின் இறப்பு எழுதியிருக்கிறது, ஒவ்வொன்றிலும் அந்தந்த மக்களின் ஆண்டுக் கணக்கில். தெருவில் போகிற யார் நின்று பார்த்தாலும் அம்மாவின் பெயரைப் படித்துவிடலாம் என்று நினைத்திருப்பார் போல. பெரிய கல் இல்லை, இரண்டு கையால் தூக்கிவிடலாம் போலத்தான் இருக்கும். திங்கட்கிழமையாக இருந்தால் மட்டும் திறந்திருக்கிறதா என்று விடுதியில் ஒரு தடவை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.